புலாவ் உபின் காட்டில் தொல்லியல் கள ஆய்வு: எட்டுப் பேர், நான்கு வார இறுதி, ஆறு ஹெக்டர்

கேள்வியைச் சுருக்கிச் சொன்னால் இதுதான்: சிங்கப்பூரின் புலாவ் உபின் தீவில் ஆறு ஹெக்டர் காட்டுத்துண்டு. ஒரு காலத்தில் அங்கே கம்போங் (கிராமத்து) வீடுகளும் ரப்பர் நிரைகளும் இருந்தன. பல்கலைக்கழகத் தொல்லியலாளர் ஒருவர் அனுமதி வாங்கி கள ஆய்வு நடத்தப் போகிறார். அவருக்குக் கைகொடுக்க எட்டுத் தொண்டூழியர்கள், நான்கு வார இறுதிகள். எப்படித் திட்டமிடுவது, என்ன கொண்டுபோவது, எங்கே சறுக்கும் என்று கேட்டிருக்கிறீர்கள்.

சறுக்கும் இடத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். புதுக் குழுக்கள் பொருளைத் தேடுவதில் காட்டும் அக்கறையை, தேடியதைப் பதிவு செய்வதில் காட்டாமல் கோட்டை விடுகின்றன. உழுத வயலில் இதனால் பெரிய நட்டமில்லை. பானை ஓடு கிடந்தால் கண்ணில் படும். உபின் காட்டில் காலடியில் சருகு, அதற்குக் கீழே வேர்ப்பாய், அதற்கும் கீழேதான் மண். அங்கே ‘ஒன்றும் கிடைக்கவில்லை’ என்று மட்டும் எழுதி வைத்தால், பொருளே இல்லையா அல்லது நீங்கள் பார்க்கவில்லையா என்பது பத்து ஆண்டு கழித்து அறிக்கையைப் படிப்பவருக்குத் தெரியாது. எந்த இடத்தில், எந்த முறையில், தரை எத்தனை சதவீதம் தெரிந்த நிலையில் பார்த்தீர்கள் என்ற வரைபடம்தான் ஆய்வின் முதல் விளைச்சல். கீழே சொல்லும் எல்லாத் திட்டமும் அதை ஒட்டித்தான்.

அனுமதி பற்றிச் சில வரிகள். குழி தோண்டுவது, செடி வெட்டுவது, பொருளை எடுத்துச் செல்வது மூன்றும் அனுமதிக் கடிதத்தில் தனித்தனியாக இருக்கின்றனவா, உங்கள் எட்டுப் பேரின் பெயரும் அதில் உண்டா என்று பாருங்கள். 2021ல் தேசிய மரபுடைமைக் கழகச் சட்டத்தில் வந்த திருத்தத்துக்குப் பிறகு, அரச நிலத்தில் கிடைக்கும் தொல்பொருள் அரசுக்குச் சொந்தம். ஒரு சின்னப் பானை ஓட்டைக்கூட ஞாபகார்த்தமாகப் பையில் போட்டுக்கொள்ள முடியாது. மெட்டல் டிடெக்டரும் டிரோனும் தனி அனுமதி கேட்பவை. 250 கிராமுக்கு மேற்பட்ட டிரோனைப் பதிவு செய்தே ஆக வேண்டும். தொல்லியலாளர் உடன் இல்லாத நாளில் குழி தோண்டவே கூடாது, அனுமதி கையில் இருந்தாலும்.

முதல் வார இறுதிக்கு முன்பே ஆய்வின் பாதி வேலை மேசையில் முடிந்திருக்க வேண்டும். தேசிய ஆவணக் காப்பகத்தில் பழைய நிலவரைபடங்களும், பிரிட்டிஷ் விமானப்படை 1940களிலிருந்து எடுத்த வான்படங்களும் இருக்கின்றன. வான்படத்தில் தென்னை நட்சத்திரம் போலத் தெரியும், ரப்பர் ஒரே சீரான பரப்பாகத் தெரியும், தினமும் பெருக்கிய வீட்டு முற்றம் வெளிறிய திட்டாகத் தெரியும். அந்த வெளிறிய திட்டுகளைக் குறித்துக்கொண்டாலே வேலை பாதி குறையும்.

வரைபடத்தை இன்றைய ஆயத்தொலைவில் பொருத்தும்போது கடற்கரைக் கோட்டை நம்பாதீர்கள். சதுப்புநிலக் காடு முன்னும் பின்னும் நகர்ந்திருக்கும், இறால் குளம் வெட்டியிருப்பார்கள், கரையை உயர்த்தியிருப்பார்கள். பாறை முனை, பழைய சாலைச் சந்திப்பு, படகுத்துறை மூலை போன்ற நகராத புள்ளிகள் ஆறாவது வேண்டும். அவை ஆய்வு நிலத்தைச் சுற்றிப் பரவலாக இருக்க வேண்டும். அப்படிப் பொருத்தினாலும் பிழை இருக்கும். 1:25,000 அளவு வரைபடத்தில் அரை மில்லிமீட்டர் தடிப்புள்ள கோடு தரையில் 12.5 மீட்டர். வரைபடத்தில் வீடு இருக்கும் புள்ளியில் போய் நின்று ‘இங்கே ஒன்றுமில்லையே’ என்று சொல்வதற்கு முன் சுற்றிலும் 20 மீட்டராவது பார்க்க வேண்டும்.

விமானத்திலிருந்து லேசர் கதிர் வீசி எடுக்கும் லைடார் தரவு உங்கள் ஆய்வாளருக்குக் கிடைத்தால் நல்லது. 2012ல் கம்போடியாவின் அங்கோர் பகுதியில் காட்டுக்கு அடியில் ஒளிந்திருந்த தெருக்களையும் குளங்களையும் காட்டியது அதுதான். ஆனால் உபினில் ரெசாம் பெரணி அடர்ந்த இடங்களில் கதிர் தரையைத் தொடாமலே திரும்பிவிடும். படத்தில் வழவழப்பாகத் தெரிவது தரையல்ல, பெரணியின் மேல்மட்டம். மேடுபள்ளத்துக்கு நிழல் கொடுத்து வரையும் லைடார் படத்தை ஒரே திசை வெளிச்சத்தில் பார்த்து முடித்துவிடாதீர்கள். வெளிச்சம் வரும் திசைக்கு இணையாக ஓடும் வரப்பு மறைந்துவிடும். நான்கு திசையிலாவது மாற்றிப் பாருங்கள்.

அந்தப் பக்கம் வாழ்ந்த பெரியவர்கள் யாராவது இருந்தால் அவர்களைவிடச் சிறந்த வரைபடம் கிடையாது. கேட்கும் விதம் முக்கியம். ‘வீடு எங்கே இருந்தது பாட்டி?’ என்று கேட்டால் ‘ரோட்டை ஒட்டித்தான்’ என்று பதில் வரும். கிணறு எந்தப் பக்கம், குப்பை எங்கே கொட்டுவீர்கள், கக்கூஸ் வீட்டிலிருந்து எத்தனை எட்டு, சாமிக்கு விளக்கு எந்த மரத்தடியில் வைப்பீர்கள் என்று கேளுங்கள். குப்பைக்குழி தொல்லியலுக்குப் பொக்கிஷம். கிணறு உங்கள் உயிருக்கு ஆபத்து. இரண்டின் இடமும் முன்கூட்டியே தெரிய வேண்டும். தேசிய ஆவணக் காப்பகத்தின் வாய்மொழி வரலாற்றுத் தொகுப்பில் தமிழ்ப் பேட்டிகளும் உண்டு. தேசிய நூலக வாரியத்தின் மின்தொகுப்பில் தமிழ் முரசின் பழைய இதழ்களைத் தேடலாம். தேசிய மரபுடைமைக் கழகமும் யூசோஃப் இஷாக் கழகமும் சேர்ந்து உபினில் நடத்திய தொல்லியல் ஆய்வில் 1930களின் பீரங்கி மேடை எச்சங்கள் அடையாளம் காணப்பட்டன. அது பற்றி வெளிவந்ததையும் படித்துவிடுங்கள். எதிர்பார்ப்பையும் சரியாக வைத்துக்கொள்ளுங்கள். 14ஆம் நூற்றாண்டுத் தெமாசெக் (பழைய சிங்கப்பூர்) பொருள்கள் பெரும்பாலும் ஃபோர்ட் கேனிங் குன்றிலிருந்து சிங்கப்பூர் ஆற்று முகம் வரையுள்ள பகுதியில் கிடைத்தவை. உபினின் உள்காட்டில் உங்கள் கைக்கு வரப்போவது 19, 20ஆம் நூற்றாண்டு. அதில் குறைவொன்றும் இல்லை. தோட்டத் தொழிலாளி வீட்டைப் பற்றி ஆவணங்கள் சொல்லாததை மண் சொல்லும்.

இனி நேரக் கணக்கு. எட்டு நாளில் ஒரு நாள் மழைக்குப் போகும் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு நாள் அடிக்கோடு (எல்லா அளவுக்கும் ஆதாரமான நேர்கோடு) போட. மீதம் ஆறு. ஆறு ஹெக்டர் என்பதை 300 மீட்டர் நீளம், 200 மீட்டர் அகலம் என்று கொள்வோம். ஆறு பேர் 5 மீட்டர் இடைவெளியில் வரிசையாக நடந்தால் ஒரு தடவைக்கு 30 மீட்டர் அகலம் முடியும். ஏழு தடவை போனால் முழு நிலமும் முடிந்துவிடும், மொத்தம் 2.1 கிலோமீட்டர். படிக்கச் சுலபமாகத் தெரியும். பிரம்புக்கொடியும் ரெசாமும் உள்ள இடத்தில் மணிக்கு 150 மீட்டர் போனாலே அதிகம். ஆக 14 மணி நேரம், அதாவது இரண்டு நாள். இடைவெளியை 10 மீட்டராக்கி ஒரே நாளில் முடிக்கலாமே என்று யாராவது சொல்வார்கள். கூடாது. அடர்ந்த இடத்தில் ஒருவர் கண்ணுக்குத் தரை தெரிவது பக்கத்துக்கு இரண்டு மீட்டர்தான்.

நடக்கும்போது ஒவ்வொரு 10 மீட்டருக்கும் ஒரு சதுர மீட்டர் சருகை மென்மையாக வாரி ஒதுக்கிப் பார்க்க வேண்டும். தரை எத்தனை சதவீதம் தெரிந்தது என்று அங்கேயே எழுத வேண்டும். 0, 10, 25, 50, 75 என்று ஐந்து படி போதும். 37 சதவீதம் என்று எழுதுவது பாசாங்கு. காடே இலவசமாகத் திறந்து வைத்திருக்கும் ஜன்னல்களையும் விடாதீர்கள். காட்டுப்பன்றி கிளறிய மண், சாய்ந்த மரத்தின் வேர்த்தட்டு, ஓடைக்கரை, பாதை வெட்டிய சரிவு, சதுப்பில் சேற்று இறால் குவித்த மேடு எல்லாம் யாரோ உங்களுக்காகத் தோண்டிவைத்த குழிகள். சாய்ந்த மரத்தின் வேர்த்தட்டில் பத்து நிமிடம் செலவழிப்பது, ஐந்து மீட்டர் சருகை வாருவதைவிட லாபம்.

மரங்களே பாதிச் சாட்சி. ரம்புத்தான், டுரியான், ஜம்பு, பாக்கு, தென்னை ஆகியவை இருபது முப்பது மீட்டர் வட்டத்துக்குள் சேர்ந்து நின்றால் அங்கே வீடு இருந்திருக்க வாய்ப்பு அதிகம். பால்மரம் நேர்கோட்டில் நின்றால் பழைய நிரை. பட்டையில் சாய்வாக ஓடும் வெட்டுத் தழும்பு இன்னும் தெரியும். தழும்பு மனிதக் கைக்கு எட்டும் உயரத்திலோ அந்தச் சாய்விலோ இல்லையென்றால் பன்றியோ விழுந்த கிளையோ காரணம். மூங்கில் புதர் எல்லையையோ கிணற்றடியையோ காட்டலாம். கள்ளிமந்தாரை (பிராங்கிபானி) மரத்தைக் கண்டால் கல்லறை இருக்கக்கூடும் என்று எச்சரிக்கையாகக் காலெடுத்து வையுங்கள். நேர்மாறாக, வெறும் ரெசாமும் சிம்போ ஆயர் புதரும் உள்ள நிலம் மண் வளம் போன பழைய சாகுபடி நிலமாக இருக்கலாம். வீட்டைவிட வயலே இருந்திருக்கும்.

மரமும் மேற்பரப்பும் காட்டாததைச் சோதனைக் குழி காட்டும். அளவு 40 சென்டிமீட்டர் விட்டம், சாதாரணமாக 50 சென்டிமீட்டர் ஆழம். இதில் 63 லிட்டர் மண் வரும். ஈரக்களிமண்ணானால் கிட்டத்தட்ட 100 கிலோ. இருவர் சேர்ந்து அதைத் தோண்டி, சலித்து, எழுதி, மூட ஒரு மணி நேரத்தை நெருங்கும். மூன்று ஜோடிகள் நாளுக்கு எட்டெட்டுக் குழி போட்டால் 24. நான்காவது ஜோடி அளவெடுக்கவும் பதியவும். ஆறு ஹெக்டர் முழுவதும் 20 மீட்டருக்கு ஒரு குழி என்றால் 150 குழி, ஆறு நாளுக்கு மேல். உங்களிடம் நான்கு நாள்தான் மீதம். ஆகையால் நிலத்தை முழுக்க மூடும் ஆசையை விட்டுவிடுங்கள். நடைச் சோதனையில் நம்பிக்கை தந்த சமதளங்களில் 20 மீட்டருக்கு ஒன்றாக 45 குழி போட்டால் 1.8 ஹெக்டர் ஆகும். மற்ற இடங்களில் குலுக்கல் முறையில் 15 குழி. இந்த 60க்கு இரண்டரை நாள். மீதி ஒன்றரை நாளை, ஏதாவது கிடைத்த குழிகளைச் சுற்றி 10 மீட்டர், 5 மீட்டர் என்று நெருக்கிப் போட வைத்துக்கொள்ளலாம். 36 குழி வரை போடலாம். அந்த 15 குலுக்கல் குழிகளைத்தான் எல்லாரும் கைவிடச் சொல்வார்கள். கைவிடாதீர்கள். ‘எதிர்பார்த்த இடத்தில் மட்டும் பார்த்தார்கள்’ என்ற குறைக்கு உங்களிடம் உள்ள ஒரே பதில் அவைதான்.

20 மீட்டர் கட்டம் எதைப் பிடிக்கும், எதை விடும் என்பதை ஒரு தடவை கணக்குப் போட்டுப் பார்த்துவிட வேண்டும். 10 மீட்டர் விட்டமுள்ள ஒரு குடிசைத் தடத்தின் பரப்பு 78.5 சதுர மீட்டர். 20 மீட்டர் கட்டம் ஒன்றின் பரப்பு 400. ஆக ஒரு குழியாவது அந்தத் தடத்துக்குள் விழும் வாய்ப்பு ஏறத்தாழ 20 சதவீதம். 10 மீட்டர் கட்டமானால் 78 சதவீதம். விழுந்தாலும் ஓடு கிடைக்க வேண்டுமே. சதுர மீட்டருக்கு ஐந்து ஓடு சிதறியிருந்தால், 40 சென்டிமீட்டர் குழியில் ஒன்றாவது சிக்கும் வாய்ப்பு பாதிக்கும் சற்றுக் கீழே, 47 சதவீதம். சதுர மீட்டருக்கு ஒரே ஓடு என்றால் 12 சதவீதம்தான். ஐந்து ஓடு இருந்தால்கூட, 78 சதவீதத்தையும் 47 சதவீதத்தையும் பெருக்கினால் 10 மீட்டர் கட்டத்திலும் அந்தக் குடிசையைக் கண்டுபிடிக்கும் வாய்ப்பு மூன்றில் ஒன்றுக்குச் சற்று மேல். முற்றமும் குப்பைமேடும் சேர்ந்து 25 மீட்டர் விட்டம் வரும் கம்போங் வீடானால் 20 மீட்டர் கட்டத்தின் குழிகளுக்குக் கிட்டத்தட்ட தப்பாது. தனிக் கல்லறை, சாமி மேடை, பதுங்குகுழி ஆகியவை குழியால் கிடைப்பவையே அல்ல, கண்ணால்தான் கிடைக்க வேண்டும். இந்தக் கணக்கை அறிக்கையில் எழுதுங்கள்.

தோண்டும்போது மேல்மண்ணையும் அடிமண்ணையும் இரு வேறு தார்ப்பாயில் போடுங்கள். 6 மில்லிமீட்டர் கண் சல்லடை பொதுவேலைக்கு. கண்ணாடி மணி இரண்டு முதல் ஐந்து மில்லிமீட்டர்தான், 6ல் நழுவிவிடும். ஒவ்வொரு குழியிலும் 10 லிட்டர் மண்ணைத் தனியே எடுத்து 3 மில்லிமீட்டர் சல்லடையில் தண்ணீர் விட்டுச் சலித்தால், 3 மில்லிமீட்டருக்குப் பெரிய மணி இருந்தால் தெரியும். களிமண் சல்லடைக் கண்ணை அடைக்கும்போது கைமுட்டியால் அழுத்தித் தேய்க்கும் பழக்கம் எல்லாருக்கும் வரும்; மென்சுட்ட பானை ஓடு அந்த அழுத்தத்திலேயே மாவாகிவிடும். கொத்துகரண்டியால் கட்டியை உடைத்து, பிறகு சல்லடையை ஆட்டுங்கள். சிவப்புமஞ்சள் களிமண் வந்து 20 சென்டிமீட்டருக்கு ஒன்றும் இல்லையென்றால் நிறுத்தலாம். குன்றின் அடிவாரத்தில் மட்டும் இந்த விதி பொருந்தாது. மேலிருந்து கழுவி வந்த மண் பழைய தரையை மூடியிருக்கும். 10 சென்டிமீட்டர் கைத்துளைக் கருவியால் ஒரு மீட்டருக்குக் கீழும் பாருங்கள். எலும்பை எதிர்பார்க்காதீர்கள். கிரானைட் மண் புளிப்பு, எலும்பு கரைந்துவிடும், கரி மிஞ்சும். குழியை அன்றே மூடி மிதித்துவிடுங்கள். திறந்த குழியில் கால் உடையும், நீர் தேங்கினால் கொசுவும் வளரும்.

மண்ணின் நிறத்தை முன்செல் அட்டையோடு (மண் நிறங்களை எண்ணிட்டு அச்சிட்ட அட்டை) ஒப்பிடும்போது ஒரு தொல்லை உண்டு. மரநிழலில் எல்லாமே பச்சைச் சாயலோடு தெரியும், சிவப்பு மண் பழுப்பாகத் தோன்றும். உள்ளங்கை அளவு மண்ணை எடுத்துக்கொண்டு வெயில் விழும் திட்டுக்குப் போய், ஈரமாக இருக்கும்போதே ஒப்பிடுங்கள். எல்லாக் குழியும் ஈர நிறம் என்று ஒரே வழக்கம் வையுங்கள்.

இடக்குறிப்புதான் பலரைக் காலை வாரிவிடுவது. கைபேசி ஜிபிஎஸ் திறந்த வெளியில் நான்கைந்து மீட்டர் பிழையோடு சொல்லும். அடர்ந்த மரத்தடியில் 10, 15 மீட்டர் தாண்டுவது சகஜம். 10 மீட்டர் கட்டத்தில் குழி போட அதை நம்பினால் குழிகள் ஒன்றன்மேல் ஒன்றாகவே விழும். நில ஆணையத்தின் துல்லிய இடமறியும் சைரென்ட் வலையமைப்போடு இணைந்த நல்ல கருவியும் இலைக்கூரையின் கீழ் நிலைபெறத் திணறும். ஆகவே திறந்த பாதையில் நல்ல கருவியால் அடிக்கோட்டின் இரு முனையை உறுதிசெய்து, 20 மீட்டருக்கு ஒரு முளை அடித்து, காட்டுக்குள் காம்பஸும் நாடாவும் கொண்டு போங்கள். சிங்கப்பூரில் காந்த வடக்கும் மெய்வடக்கும் ஏறக்குறைய ஒன்றாக இருப்பதால் அந்தத் திருத்தம் தேவையில்லை. ஆனால் காம்பஸ் பிடித்திருப்பவர் இடுப்பில் பாராங் கத்தி தொங்கினால் ஊசி விலகும். 2 பாகை தவறு 100 மீட்டரில் 3.5 மீட்டர் ஆகிவிடும். சரிவில் நாடாவைத் தரையோடு பிடித்தாலும் பிழைதான்: 20 பாகைச் சரிவில் 20 மீட்டர் நாடா தரைவிரிவில் 18.8 மீட்டர்தான். நாடாவைக் கிடைமட்டமாகப் பிடித்து, துண்டுதுண்டாக இறங்குங்கள்.

ஆயத்தொலைவு எழுதும் முறையை முதல் நாளே ஒன்றாக்கிவிடுங்கள். உள்ளூர் அதிகாரிகளின் வரைபடத்தோடு பொருந்த வேண்டுமென்றால் எஸ்விஒய்21 என்ற சிங்கப்பூர் ஆயத்தொலைவு முறை. அதன் அடிப்புள்ளி வடக்கு 1 பாகை 22 கலை, கிழக்கு 103 பாகை 50 கலை. கிழக்கு மதிப்பு 28,001.642 மீட்டர், வடக்கு மதிப்பு 38,744.572 மீட்டர் என்று தொடங்கும். மென்பொருளில் தவறான தளத்தைத் தேர்ந்தால் இந்த எண்ணைக்கொண்டு கண்டுபிடித்துவிடலாம். பாகை கலையாக எழுதிய 1 பாகை 24.5 கலையை ஒருவர் 1.245 என்று தட்டினால் அந்தக் குழி தீவை விட்டே வெளியேறிக் கடலில் விழும். தசமத்தில் அது 1.40833. தசமப் பாகையானால் ஐந்து இலக்கம் எழுதுங்கள். நான்கில் நிறுத்தினால் 11 மீட்டர் அளவுக்குத்தான் இடத்தைக் குறிக்க முடியும்.

பொருள்போலத் தெரிந்து ஏமாற்றுபவை உபினில் நிறைய. முதலாவது அந்தப் பாறைகளே. கிரானைட்டின் மேல் செங்குத்தாக ஓடும் வாய்க்கால் போன்ற வரிகளைக் கண்டு செதுக்கியவை என்று பரவசப்படுவார்கள். மழையும் வேதிச் சிதைவும் செய்த வேலை அது; அந்தப் பாறைகளைப் பற்றி 1840களிலேயே ஜேம்ஸ் ரிச்சர்ட்சன் லோகன் என்ற பத்திரிகாசிரியர் எழுதியிருக்கிறார். மனிதக் கை பட்டதற்கு அடையாளம் வேறு: ஒரே நேர்கோட்டில், ஒரே இடைவெளியில் துளைத்த அரைவட்டக் காடிகள். ஹோர்ஸ்பர்க் கலங்கரை விளக்கத்துக்கு இங்கிருந்து கல் போனது. பின்பு நூறாண்டுக்கும் மேல் கல்லுடைக்கும் வேலை நடந்தது. ஆகவே துளைத் தடம் கண்டால் குறியுங்கள், அதுவும் எச்சம்தான். வேர்க்குழியையும் பதுங்குகுழியையும் குழப்பிக்கொள்வது அடுத்தது. மரம் சாய்ந்த பள்ளத்தின் ஒரே பக்கத்தில் மண்மேடு ஒட்டியிருக்கும், வடிவம் அரைவட்டம்; வெட்டிய குழிக்கு ஓரம் நிமிர்ந்திருக்கும். சிங்கப்பூரின் பிற காடுகளில் தேசிய சேவையாளர் வெட்டிய ஷெல் ஸ்க்ரேப்பும் (ஆழமில்லாப் பதுங்குபள்ளம்) 5.56 வெற்றுத் தோட்டாவும் கிடைக்கும். உபினில் ஏதேனும் உறை கிடைத்தால் அடியிலுள்ள முத்திரையைப் படியுங்கள், 1941 போரா, நேற்றைய பயிற்சியா என்பது அங்கே இருக்கும். துருக்கட்டி போன்ற செம்புறைக்கல் உருண்டைகளை இரும்புக் கசடு என்று நினைக்காதீர்கள். உடைத்தால் உள்ளே குமிழ்க்குழி இல்லை. கரையில் கிடைக்கும் ஓடுகளுக்கு அதிகப் பெறுமதி தராதீர்கள். அலை கொண்டுவந்ததாகவோ, நிரப்பிய மணலோடு எங்கிருந்தோ வந்ததாகவோ இருக்கலாம்.

கைக்கு வரும் பொருள்களில் காலம் சொல்வதில் பாட்டிலுக்கு நிகர் இல்லை. கழுத்தில் இரு பக்கமும் நெரித்து, உள்ளே கண்ணாடிக் கோலி அடைத்திருந்தால் கோலி சோடா பாட்டில். ஹைரம் காட் காப்புரிமை பெற்றது 1872. சிறுவர் கோலிக்காக உடைத்துவிடுவதால் கழுத்துத் துண்டே தனியாகக் கிடைக்கும். சாதாரண பாட்டிலானால் உடலின் தையல் கோட்டை விரலால் மேலே தொடர்ந்து செல்லுங்கள். வாயின் விளிம்பு வரை போனால் இயந்திரத்தில் செய்தது, 20ஆம் நூற்றாண்டு. கழுத்தில் நின்றுவிட்டால் வாயை கையால் முடித்தது. ரப்பர் தோட்டத்தில் பால் மங்கு கிடைக்கும், கண்ணாடியாகவோ பீங்கானாகவோ; நிரையோடு சேர்த்துப் பதிவு செய்யுங்கள். கூரையில் மார்சேய், மங்களூர் ஓடுகள். முத்திரை எழுத்து பாதி இருந்தாலும் வரைந்து வையுங்கள். அம்மி, ஆட்டுக்கல் கிடைத்தால் நகர்த்தாதீர்கள். சமையலறை எந்தப் பக்கம் என்று சொல்வது அதுதான். சீன நீலவெள்ளைக் கிண்ணத் துண்டைக் கண்டதும் பழங்காலம் என்று குதிக்க வேண்டாம். ஒரு மண்படலத்தின் காலத்தை அதில் கிடைத்த மிகப் புதிய பொருள்தான் தீர்மானிக்கிறது. கிண்ணத் துண்டுக்குக் கீழே மைலோ பாக்கெட் இருந்தால் கதை முடிந்தது.

ஆபத்தில் முதலிடம் பாம்புக்கு இல்லை, கைவிட்ட கிணற்றுக்கு. பழைய கம்போங் கிணற்றின் வாயைப் பலகையும் சருகும் மூடியிருக்கும். பழமரக் கூட்டத்துக்குள் நுழைந்ததும் முன்னே செல்பவர் கம்பால் தட்டிக்கொண்டே போக வேண்டும், யாரும் தனியாகச் சுற்றக் கூடாது. இரண்டாவது வெடிகுண்டு. 2023 செப்டம்பரில் அப்பர் புக்கிட் தீமாவில் கிடைத்த 100 கிலோ போர்க்காலக் குண்டுக்காக நாலாயிரத்துக்கும் மேற்பட்டோரை அப்புறப்படுத்தினார்கள். துருப்பிடித்த உருளையைக் கண்டால் தொடாமல், குறியிடாமல், வந்த வழியே விலகி 999. மூன்றாவது பலருக்குத் தெரியாதது: இங்குள்ள மண்ணில் மெலியோய்டோசிஸ் கிருமி உண்டு. நீரிழிவு உள்ளவர்களுக்கு அது உயிரையே பறிக்கக்கூடிய நோய். சிராய்ப்பு இருந்தால் நீர்புகாக் கட்டுப் போட்டு, கையுறையும் பூட்ஸும் அணிய வேண்டும். சில வாரம் கழித்துக் காய்ச்சல் வந்தாலும் மண் தோண்டியதை மருத்துவரிடம் சொல்ல வேண்டும். இடி கேட்டால் உயர்ந்த மரத்தடியை விட்டு வெளியேறுங்கள். மழைக்குப் பின் அல்பீசியா மரத்தடியில் உணவு வேளை வேண்டாம், கிளை சொல்லாமல் முறியும். நாளைத் தேர்ந்தெடுக்க முடிந்தால் சராசரியில் மழை குறைந்த பிப்ரவரி.

கொண்டுபோகும் பொருளில் பெரிய ரகசியம் இல்லை. ஆளுக்கு மூன்று லிட்டர் தண்ணீர், விசில், கத்தரிக்கோல், நாடா, காம்பஸ், நீர்புகாத் தாள், பென்சில். பென்சில் என்பதை அழுத்திச் சொல்கிறேன். கொசு மருந்திலுள்ள டீட் மார்க்கர் மையைக் கரைத்துவிடும், பிளாஸ்டிக்கையும் பதம் பார்க்கும். மருந்து தேய்த்த கையால் பையைத் தொட்டால் குழி எண் மறைந்து, உள்ளே இருப்பது அநாதைப் பொருளாகிவிடும். ஒவ்வொரு பைக்குள்ளும் பென்சிலால் எழுதிய ஒரு சீட்டு, வெளியே ஒரு சீட்டு. கட்டிய வண்ண நாடா எல்லாவற்றையும் எண்ணி அவிழ்த்து எடுத்துவாருங்கள். சாங்கி பாயிண்ட் பம்போட் 12 பேர் சேர்ந்தால் கிளம்பும். சல்லடையும் மண்மாதிரியும் வைத்திருக்கும் நீங்கள் தனிப்படகு பேசிக்கொள்வது நல்லது.

கல்லறை தட்டுப்பட்டால் அங்கேயே வேலையை நிறுத்தி, தொல்லியலாளரிடம் விட்டுவிடுங்கள். படம் எடுத்து வாட்சப்பில் போடாதீர்கள். விளக்கோ பூவோ இருக்கும் சாமி மேடை, கெராமாட் (மலாய்ப் புனித அடக்கத்தலம்) எல்லாம் இன்றும் வழிபடும் இடங்கள். அளவெடுக்கலாம், எதையும் நகர்த்தக் கூடாது.

களநாள் ஒன்றுக்கு மேசை வேலை இரண்டு நாளாவது ஆகும். கண்ணாடியும் பீங்கானும் மென்தூரிகையால் கழுவலாம். மென்சுட்ட ஓட்டைத் தேய்க்காதீர்கள், இரும்பைத் தண்ணீரில் போடவே போடாதீர்கள். எண்ணி, எடைபோட்டு, குழிவாரியாக எழுதுங்கள். பூச்சியக் குழிகளுக்கும் அதே படிவம். இறுதி வரைபடத்தில் மூன்று நிறம் வேண்டும்: நடந்து பார்த்த இடம், குழி போட்ட இடம், பார்க்கவே முடியாத இடம். மூன்றாவதற்குக் காரணம் எழுதுங்கள்: ரெசாம், சேறு, குளவிக்கூடு, எதுவானாலும். பொதுமக்களுக்குப் போகும் பிரதியில் ஆயத்தொலைவுகளை 100 மீட்டருக்கு முழுமையாக்கிவிட்டு, துல்லியமானவை உள்ள பிரதியை ஆய்வாளரும் அதிகாரிகளும் மட்டும் வைத்துக்கொள்ளட்டும். மெட்டல் டிடெக்டரோடு அலைபவர்களும் இணையத்தில் அறிக்கை படிக்கிறார்கள்.